டாக்டர் ஹூ மாநாடும் எங்கள் வீட்டுப் பரணும்

பிப்ரவரி நடுவில் மகளைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் போய் வந்தேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் உள்ளதைச் சொன்னேன்: டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடருக்கு அதன் ரசிகர்கள் நடத்தும் மாநாட்டுக்கு. அலுவலகத்தில் ஒரு நண்பர், "பொண்ணு போறது சரி, நாற்பத்தெட்டு வயசுல உங்களுக்கு எதுக்கு இது?" என்றார். ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு அக்கா, "அந்தக் காசுக்கு திருப்பதி போயிட்டு வந்திருக்கலாமேம்மா" என்று எழுதினார். இருவருக்கும் அப்போது பதில் சொல்லவில்லை. சொல்ல நிறைய இருந்தது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

தொடரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் ஆரம்பித்தது. முந்தின நாள்தான் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். யாருக்கும் டிவி தொடர் பார்க்கிற மனநிலை இல்லை. அடுத்த வாரம் முதல் எபிசோடை மறுபடி ஒருமுறை போட்டுவிட்டுத்தான் இரண்டாவதைப் போட்டார்கள். தயாரிப்பாளர் வெரிட்டி லேம்பர்ட் என்ற 27 வயதுப் பெண். முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர், அவருக்கும் இருபதுகளில்தான் வயது. ஓர் இளம் பெண்ணையும் ஓர் இந்திய இளைஞரையும் நம்பி அந்தக் காலத்து பிபிசி ஒரு வேலையைக் கொடுத்தது, அது அறுபது வருடங்களைத் தாண்டி நின்றது என்பது எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

கதை இதுதான். காலத்திலும் விண்வெளியிலும் சுற்றித் திரியும் ஒருவர், பெயர் 'டாக்டர்'. அவருடைய வாகனம் வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் காலத்து லண்டன் தெருமுனையில் நின்ற நீலநிறப் போலீஸ் பெட்டி, போலீஸைக் கூப்பிட போன் வைத்த, ஆள் நுழையும் அளவு கூண்டு. கதவைத் திறந்து உள்ளே போனால் கல்யாண மண்டபம் மாதிரி விரியும். 1966-ல் முதல் நாயகன் வில்லியம் ஹார்ட்னெலுக்கு உடம்பு முடியாமல் போனபோது, நாயகனுக்கு உடலே மாறிவிடும் என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து நடிகர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், டாக்டர் மட்டும் அப்படியே இருக்கிறார். நம் ஊர் ரசிகர் மன்றத்தோடு இதை ஒப்பிட முடியாமல் போவது இதனால்தான். நாம் ஒரு மனிதருக்கு மன்றம் வைக்கிறோம். இவர்கள் ஒரு கதைக்கு வைத்திருக்கிறார்கள்.

மாநாட்டின் பெயர் கேலிஃப்ரே ஒன். கேலிஃப்ரே என்பது டாக்டர் பிறந்த கிரகம். 1990-ல் ஆரம்பித்து, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள மேரியட் ஹோட்டலில் பல வருடங்களாக நடக்கிறது. 1989 டிசம்பரோடு பிபிசி தொடரை நிறுத்திவிட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தொடர் நின்ற பிறகு தொடங்கிய மாநாடு இது. கொண்டாடப் புது எபிசோட் எதுவும் இல்லாத காலத்தில் இவர்கள் வருஷா வருஷம் கூடியிருக்கிறார்கள். நடத்துபவர்கள் யாரும் சம்பளம் வாங்குவதில்லை. வாசலில் அடையாள அட்டை கொடுத்தவர் ஒரு பள்ளி ஆசிரியை, இந்த வேலைக்காக லீவு போட்டுவிட்டு வந்திருப்பதாகச் சொன்னார்.

இதற்கு முன்னால் வேறொரு ஊரில், ஒரு நிறுவனம் நடத்திய பெரிய விழாவுக்குப் போயிருக்கிறோம். பெயர் வேண்டாம். அங்கே எல்லாவற்றுக்கும் டோக்கன், எல்லாவற்றுக்கும் வரிசை. ஒரு நடிகரோடு போட்டோ எடுக்க என் மகள் ஒன்றரை மணி நேரம் நின்றாள். கேட்க ஒரு கேள்வி யோசித்து வைத்திருந்தாள். தோளைத் தொட்டுத் திருப்பி, பிளாஷ் அடித்து, "அடுத்து" என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் பேசவே இல்லை. அந்த நடிகர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவரும் அன்று முழுக்க அங்கேயே நின்றவர்தான். ஆனால் ஒரு குழந்தையின் பிரியத்தை இப்படி நிமிடக் கணக்கில் விற்கக் கூடாது என்று அன்றைக்கே தோன்றியது, இன்றும் அதே எண்ணம்தான்.

கேலிஃப்ரேயிலும் கையெழுத்துக்கும் போட்டோவுக்கும் காசு உண்டு. ஆனால் ஜனங்கள் அதற்காக மட்டும் வரவில்லை. அங்கே புழங்குகிற நாணயம் ரிப்பன். கழுத்தில் தொங்கும் அட்டையின் கீழே ஒட்டிக்கொள்ளும் துணிப்பட்டை, நான்கு அங்குல அகலம், மேல் விளிம்பில் பசை. அவரவர் ஏதாவது ஒரு வாசகம் அச்சடித்துக் கொண்டு வருகிறார்கள். "உங்களிடம் ரிப்பன் இருக்கிறதா?" என்று முன்பின் தெரியாதவரிடம் கேட்கலாம். அவர் ஒன்று தருவார், நாம் ஒன்று தருவோம், ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிக்கொள்வோம். சனிக்கிழமை சாயங்காலம் பலருக்கு அது முழங்காலைத் தாண்டித் தொங்கியது. சிலர் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. பேச்சைத் தொடங்க ஒரு காரணம் கையிலேயே இருக்கிறது.

என் மகள் 150 ரிப்பன் அடித்துக்கொண்டு வந்திருந்தாள். நீல நிறத்தில், வெள்ளை எழுத்தில், தமிழில்: "வெளியே சிறுசு, உள்ளே பெருசு." ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் 'ற'வும் 'ர'வும் குழம்பும் பிள்ளை, இதை மட்டும் நான்கு முறை என்னிடம் சரிபார்த்தாள். முதல் நாள் தயங்கித் தயங்கிக் கொடுத்தாள். இது என்ன எழுத்து, எப்படி வாசிப்பது என்று கேட்டவர்களுக்கெல்லாம் விரல் வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். அர்த்தம் சொன்னதும் ஒவ்வொரு முகமும் அப்படியே மலரும், ஏனென்றால் போலீஸ் பெட்டிக்குள் முதன்முதலாக நுழைகிற பலரும் சொல்கிற வாக்கியம் அது. பல வண்ண மஃப்ளர் போட்ட ஒரு பாட்டி "பெருசு" என்பதை ஐந்து முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார். அந்த மஃப்ளருக்கும் ஒரு கதை உண்டு. 1974-ல் டாக்டராக நடிக்க வந்த டாம் பேக்கருக்காக ஆடை வடிவமைப்பாளர் கம்பளி நூல்களை ஒருவரிடம் கொடுத்துப் பின்னச் சொன்னாராம். எது வேண்டும் எது வேண்டாம் என்று சொல்லவில்லை. பின்னியவரோ கைக்கு வந்த நூல் முழுவதையும் பின்னி முடித்துவிட்டார். அவ்வளவு நீளமான மஃப்ளர் தொடரின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

சரி, நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை, ஒரு சின்ன அறையில், காணாமல் போன எபிசோடுகள் பற்றி ஒரு கலந்துரையாடல். முதல் ஆறு வருடங்களில் 253 எபிசோடுகள் வந்தன. அதில் தொண்ணூறுக்கும் மேல் இன்று கிடையாது. பிபிசியே அழித்தது. வீடியோ டேப் விலை அதிகம், ஒளிபரப்பியதை அழித்துவிட்டு வேறு நிகழ்ச்சியைப் பதிவார்கள். வெளிநாட்டுக்கு விற்க எடுத்து வைத்த பிலிம் பிரதிகளையும் உரிமை முடிந்ததும் தூக்கிப் போட்டார்கள். 1978 வரை இது நடந்தது. அப்புறம் தேடல் ஆரம்பித்தது. 1983-ல் லண்டனில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் இரண்டு எபிசோடுகள் கிடைத்தன. ஹாங்காங்கிலிருந்து ஒரு முழுக் கதை வந்தது. 2013-ல் நைஜீரியாவில் ஜோஸ் என்ற ஊரின் டிவி நிலையத்தில் இருந்து ஒன்பது.

ஆனால் காணாமல் போன ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒலி மட்டும் இருக்கிறது. ஒன்றுவிடாமல். காரணம், ஒளிபரப்பான அன்றே வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்த சில பிள்ளைகள். சிலர் டிவியிலிருந்து நேராக ஒயர் இழுத்தார்கள், சிலர் மைக்கை ஸ்பீக்கர் முன்னால் பிடித்தார்கள். 1966-ல் வந்து மொத்தமாக அழிந்துபோன ஒரு ஆறு எபிசோட் கதைக்கு, 2016-ல் பிபிசி கார்ட்டூன் படம் செய்து வெளியிட்டது. அதில் நாம் கேட்கும் குரல்கள் அந்த வீட்டுப் பதிவுகள்தான். அழித்தவர்களுக்கே திருப்பிக் கொடுத்தவர்கள் ரசிகர்கள்.

அறையின் பின்வரிசையில் இருந்து ஒரு பெரியவர் எழுந்தார். எழுபது வயது இருக்கும். அந்தக் கதை வந்தபோது தனக்குப் பதினொரு வயது என்றும், அப்பாவின் ரீல் ரெக்கார்டரில் தானும் பதிவு செய்ததாகவும் சொன்னார். அரை மணி நேரம் வீட்டில் யாரும் பேசக் கூடாது என்று உத்தரவு போட்டாராம். நான்காவது எபிசோடில் அம்மா மறந்துபோய், டீ ஆறுகிறது என்று கூப்பிட்டிருக்கிறார். அன்றைக்கு அழுதே விட்டாராம், எல்லாம் பாழாகிவிட்டது என்று. "அந்த எபிசோட் வேறு டேப்களில் இதைவிட நல்ல தரத்தில் இருக்கிறது. என் அம்மாவின் குரல் இதில் மட்டும்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வெளியே வந்ததும் என் மகள் தானாகப் போய் அவரிடம் ஒரு ரிப்பனைக் கொடுத்தாள். அவர் அதை அட்டையில் ஒட்டவில்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நாற்பத்தெட்டு வயதில் எதற்கு என்று கேட்ட நண்பருக்கு என் பதில் இந்த அறைதான். எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது என்று அதிகாரத்தில் இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள். பிரியம் வைத்தவர்கள் தூக்கிப் போடுவதில்லை. 1989-க்கும் 2005-க்கும் நடுவே ஒரே ஒரு டிவி படத்தைத் தவிர எதுவும் வராத பதினைந்து வருடங்களை நாவல்களும் ஒலி நாடகங்களும் எழுதியே கடத்தினார்கள் ரசிகர்கள். 2005-ல் தொடரைத் திரும்பக் கொண்டுவந்த ரஸ்ஸல் டி டேவிஸ் அந்தக் கூட்டத்தில் ஒருவர். டாக்டராக நடித்த டேவிட் டெனன்ட் சின்ன வயதில் இதைப் பார்த்துத்தான் நடிகனாக ஆசைப்பட்டார். இன்னொரு டாக்டரான பீட்டர் கபால்டி 1974-ல், பதினைந்து வயதில், தொடரைப் பாராட்டி ரேடியோ டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர். இப்படிப்பட்டவர்களை "வேலை இல்லாதவர்கள்" என்று பேசுவது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

நமக்கு இந்த வலி புரியாமல் போகக் கூடாது. தமிழின் முதல் பேசும் படம் காளிதாஸ், 1931. அதன் பிரதி இன்று கிடையாது. அதற்கு முந்தைய மௌனப் படம் கீசக வதமும் கிடையாது. நம் சினிமா வரலாற்றில் பாதிக்கு மேல் நமக்குத் தெரிந்திருக்கிறது என்றால், பிலிம் நியூஸ் ஆனந்தன் மாதிரி ஒருவர் படங்களையும் பாட்டுப் புத்தகங்களையும் தன் ஆர்வத்தில் சேர்த்து வைத்ததால்தான். அவரையும் வீட்டில் யாராவது "எதுக்கு இந்தக் குப்பை" என்று கேட்டிருக்க மாட்டார்களா?

அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் வீட்டு ஒலிச்சித்திரம். என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். ரேடியோவில் முழுப் படத்தையும் வசனமாகப் போடுவார்கள், கண்ணை மூடிக்கொண்டு கேட்போம். பல படங்களை நான் காதால் பார்த்த பிறகுதான் கண்ணால் பார்த்தேன். அப்பா எங்கள் நேஷனல் பானசோனிக்கில் அதைக் கேசட்டில் பிடிப்பார். நடுவில் அடுப்படியில் இருந்து ஆச்சி, "ஏல, அதை அமத்திட்டுச் சாப்பிட வா" என்பாள். அப்பா கையை உயர்த்திச் சைகை காட்டுவார். அதெல்லாம் பதிவாகியிருக்கும்.

ஹோட்டல் அறைக்கு வந்ததும் பாளையங்கோட்டைக்குத் தம்பிக்கு போன் போட்டேன். அங்கே ஞாயிற்றுக்கிழமை காலை. பரணில் பார்க்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்துப் படம் அனுப்பினான். செருப்புப் பெட்டிக்குள் பதினொரு கேசட், அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில் தேதியோடு.

"ரெண்டுல பூசணம் புடிச்சிருக்குக்கா. போட்டுப் பாக்கவா?"

"போடாதப்பா, அறுந்துரும். துடைக்கக்கூட வேண்டாம். அப்படியே ஒரு துணில சுத்தி பீரோவுல வை. ஜூலைல நாங்க வாறோம்."