சமாதானக் குழு அமைத்தால் மட்டும் போதாது

சமூகங்களுக்கு இடையே மோதல் வந்தாலே "அரசு உறுதியான நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொள்கிறோம். என்ன நடவடிக்கை, யார் கையால், எப்போது என்ற கேள்விக்குப் போவதே இல்லை. கென்யா அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு அமைதிக்கென்றே ஒரு தேசியக் கொள்கை எழுதிய நாடு. அந்த அனுபவத்தைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. ஊருக்குள் சமாதானம் பேச ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அவர்களால் முடியாததைச் செய்வதுதான் அரசின் வேலை. அரசு தன் கையால் செய்த கொடுமைக்குப் பதில் சொல்வதும் அந்த வேலையில் சேர்த்தி.

கென்யாவின் வடகிழக்கில் வாஜிர் என்ற வறண்ட பகுதி இருக்கிறது. ஆடு, மாடு, ஒட்டகம் வளர்க்கும் சோமாலி குலங்கள் வாழும் இடம். 1990களின் தொடக்கத்தில் கடும் வறட்சி வந்தது, கால்நடைகள் செத்தன, கிணறுகளுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் சண்டை மூண்டது. பக்கத்தில் சோமாலியா சிதறிக்கிடந்ததால் துப்பாக்கிக்கும் பஞ்சமில்லை. வேற்றுக் குலத்துப் பெண்ணிடம் பொருள் வாங்க மாட்டோம், விற்க மாட்டோம் என்று சந்தை வரைக்கும் பகை வந்துவிட்டது. அங்கேதான் வாஜிர்க்காரரான டெக்கா இப்ராஹிம் அப்தியும் அவருடன் இருந்த பெண்களும் வேலையைத் தொடங்கினார்கள். எந்தக் குலத்துப் பெண்ணும் அச்சமின்றிச் சந்தைக்கு வரலாம் என்று எல்லாக் குலத்துப் பெண்களையும் ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அந்த ஒப்பந்தத்தைக் கண்காணிக்கப் பெண்களே குழுவும் போட்டார்கள். அப்புறம் மூத்தவர்களிடம் போனார்கள், இளைஞர்களைச் சேர்த்தார்கள். 1993இல் குல மூத்தவர்கள் அல்-ஃபத்தா என்ற அமைதி உடன்பாட்டுக்கு வந்தார்கள். டெக்காவுக்கு 2007இல், 'மாற்று நோபல்' என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 2011இல் சாலை விபத்து அவரை நம்மிடமிருந்து பறித்துக்கொண்டது. உலகம் இன்னும் அதிகம் அறிந்திருக்க வேண்டிய பெண்மணி.

இங்கே அரசு செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். 1995இல் இந்த முயற்சி மாவட்ட நிர்வாகத்தோடு இணைக்கப்பட்டது. எங்காவது கால்நடைத் திருட்டோ கொலையோ நடந்தால் மூத்தவர்கள், மதத் தலைவர்கள், பெண்கள், பாதுகாப்பு அதிகாரிகள் எல்லாரும் ஒன்றாகக் கிளம்பிப் போனார்கள். பழிவாங்கல் தொடங்குவதற்குள் அங்கே போய் நிற்பதுதான் நோக்கம். வண்டியும் அதிகாரமும் அரசினுடையவை, நம்பிக்கை ஊர்க்காரர்களுடையது. இந்தப் பங்கீடு எனக்கு மிகச் சரியாகப் படுகிறது.

ஆனால் நாடு இதை வடக்கத்திய மேய்ச்சல்காரர்களின் பிரச்சினையாக மட்டுமே பார்த்தது. 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு வெடித்த வன்முறையில் 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். ரிஃப்ட் பள்ளத்தாக்கு, நைரோபியின் குடிசைப் பகுதிகள், கிசுமு என்று எரிந்த இடங்களில் சமாதானக் குழுக்கள் பெரும்பாலும் இல்லை. ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலர் கோஃபி அன்னான் நடுவராக இருந்து 2008 பிப்ரவரி 28இல் அதிபர் கிபாக்கியையும் எதிர்த்துப் போட்டியிட்ட ஒடிங்காவையும் அதிகாரப் பகிர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தார். அதற்குப் பிறகுதான் வெறுப்புப் பேச்சைக் குற்றமாக்கும் சட்டமும், தேசிய ஒருங்கிணைப்புக்கான ஆணையமும், எல்லா மாவட்டங்களிலும் சமாதானக் குழுக்களும் வந்தன. 2010 அரசியலமைப்பு வாக்கெடுப்பின்போது 'உவியானோ' என்ற ஏற்பாட்டில், பதற்றம் எங்கே தெரிந்தாலும் யார் வேண்டுமானாலும் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்று செய்தார்கள். அந்த வாக்கெடுப்பு அமைதியாக முடிந்தது. தேசியக் கொள்கைக்கான ஒப்புதலோ பல ஆண்டுகள் இழுத்து, 2010களின் நடுவில்தான் கிடைத்தது.

குழுக்களை நாடு முழுக்கப் பரப்பியதில் ஒரு சிக்கலும் சேர்ந்தே பரவியது. கூட்டத்துக்கு வந்தால் படிப்பணம் உண்டு என்றதும் சில இடங்களில் உறுப்பினர் பதவிக்கே போட்டி வந்தது. அரசியல்வாதிகள் தங்கள் ஆட்களை நுழைத்தார்கள். கட்சி ஆள் நடுவராக உட்கார்ந்தால் எதிர்த் தரப்பு எதற்கு வந்து பேசும்? இந்த விஷயத்தில் மேற்கு ஆப்பிரிக்க நாடான கானா எனக்குப் பிடிக்கிறது. 2011ஆம் ஆண்டின் 818ஆம் சட்டப்படி அமைந்த தேசிய அமைதி மன்றத்தில் 13 பேர். அதில் பெரும்பாலானவர்களைப் பரிந்துரைப்பது கிறிஸ்தவ, இஸ்லாமிய, மரபு வழி மத அமைப்புகளும் மரபுத் தலைவர்கள் மன்றமும்தான். 2012 தேர்தலுக்கு முன் குமாசியில் அதிபர் வேட்பாளர்கள் அமைதிக்கு உறுதியளித்துக் கையெழுத்திட்டார்கள். முடிவை ஏற்காத எதிர்க்கட்சி நீதிமன்றம் போனது, 2013 ஆகஸ்டில் தீர்ப்பு எதிராக வந்தபோது ஏற்றுக்கொண்டது. எல்லாப் பெருமையும் மன்றத்துக்கே என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரு தரப்பும் நம்பும் ஓர் இடம் நாட்டில் இருப்பது சின்ன விஷயமில்லை.

சரி, மறுபடி வாஜிருக்கு வருகிறேன். 1984 பிப்ரவரியில் அங்கே வகல்லா விமானத் தளத்தில் கென்யப் பாதுகாப்புப் படை டெகோடியா குலத்து ஆண்களைப் பிடித்து அடைத்துக் கொன்றது. அரசு வெகுகாலம் சொல்லிவந்த கணக்கு 57. பழைய கொடுமைகளை விசாரிக்க அமைந்த உண்மை, நீதி, நல்லிணக்க ஆணையமோ இறந்தவர்கள் ஆயிரம் பேரை நெருங்கும் என்றது. அந்த ஆணையம் 2013 மே மாதம் அறிக்கை கொடுத்தது. 2015 மார்ச்சில் அதிபர் உஹுரு கென்யாட்டா நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டு, 1,000 கோடி ஷில்லிங் நிதி அமைப்பதாக அறிவித்தார். ஆண்டுகள் பல ஓடியும் பாதிக்கப்பட்டவர்கள் கைக்கு இழப்பீடு போகவில்லை. குலத்துக்குக் குலம் கொலைக்கு ஈடு கொடுத்துத் தீர்க்கும் சமூகத்திடம், கொன்ற அரசு மட்டும் ஈடு கொடுக்காமல் வந்து சமாதானம் பற்றிப் பேசினால் எப்படிக் கேட்பார்கள்?

எனவே எந்த நாடாக இருந்தாலும் அமைதிக் கொள்கை எழுதுகிறவர்கள் முதல் அத்தியாயத்திலேயே இதை வைக்க வேண்டும் என்பது என் கருத்து. அரசுப் படைகள் செய்த கொலைகளுக்கு விசாரணை, பெயர் சொல்லி ஒப்புதல், காலக்கெடுவோடு இழப்பீடு, அதற்கு ஆண்டு பட்ஜெட்டில் தனி ஒதுக்கீடு. குழு, கூட்டம், பயிற்சி எல்லாம் அதற்கு அடுத்த அத்தியாயத்தில் வரட்டும்.