நெல்லில் இருக்கும் ஈரம் அரசியலா?

ஊர் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் அறிவியல் நோட்டில் ஒரு பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டு, "பாடம் நடத்தச் சொன்னால் டீச்சர் அரசியல் நடத்துகிறார்" என்று எழுதியிருக்கிறார்கள். அந்த டீச்சர் நான்தான். கீழே வரிசையாகக் கைதட்டல்கள். அந்தப் பக்கத்தில் ஒரு கட்சியின் பெயர் கிடையாது, ஒரு தலைவரின் பெயர் கிடையாது. ஒரு கழித்தலும் ஒரு வகுத்தலும் இருக்கின்றன.

நடந்தது இதுதான். குறுவை அறுப்பு முடிந்து, ஐப்பசி மழையில் நெல் தார்ப்பாய்க்குள் புழுங்கிக்கொண்டிருந்த நேரம். அந்தப் பையன் எழுந்து, "டீச்சர், அரசு கொள்முதல் நிலையத்துல எங்க நெல்லுல ஈரம் இருபத்திரண்டுன்னு சொல்லி எடுக்க மாட்டேன்னுட்டாங்க. அந்த இருபத்திரண்டு எதோட அளவு?" என்று கேட்டான். இதைவிட நல்ல அறிவியல் கேள்வியை நான் எந்த வினாத்தாளிலும் பார்த்ததில்லை.

மறுநாள் ஒரு பை நெல் கொண்டுவரச் சொன்னேன். தராசில் சரியாக 50 கிராம் நிறுத்தோம். சத்துணவு அக்கா தோசைக்கல்லும் அடுப்பும் தந்தார். பொரிந்துவிடாமல் இளஞ்சூட்டில் புரட்டி, ஆறவைத்து நிறுத்து, மறுபடி புரட்டி, எடை குறைவது நிற்கும்வரை விடவில்லை. 39 கிராமில் நின்றது. போனது 11 கிராம் தண்ணீர். நூற்றுக்கு 22. அந்தப் பையன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவன் வீட்டு நெல்லைத் திருப்பிய எண்ணை அவனே கண்டுபிடித்துவிட்டான்.

அப்புறம் கணக்கு. 40 கிலோ சிப்பத்தில் 22 சதவீதம் ஈரம் என்றால் தண்ணீர் நீங்கலாக இருப்பது 31.2 கிலோ. அதையே கொள்முதல் வரம்பான 17 சதவீதத்துக்குக் காயவைத்தால் சிப்பம் 37.6 கிலோவாக இறங்கிவிடும். ஈர நெல்லைக் குவித்தால் ஏன் சூடேறுகிறது, ஏன் பூஞ்சை பிடிக்கிறது, அதனால் 17 என்று ஒரு வரம்பு ஏன் வேண்டும் என்பதையும் சொன்னேன். வரம்பு வைத்தவர்கள் பக்க நியாயம் அது. நோட்டில் அடுத்த பக்கத்தில் இருக்கிறது. அதை யாரும் படம் பிடிக்கவில்லை.

ஒரு பெண் கேட்டாள்: "அந்தப் பதினேழை யாரு மாத்தலாம் டீச்சர்?" மாநில அரசு கேட்கும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்கும், தளர்வை டெல்லியில் முடிவு செய்வார்கள் என்றேன். இந்த ஒரு பதில்தான் உங்களுக்கு அரசியல்.

சரி, அரசியல் என்றே வைத்துக்கொள்வோம். தெரியாது என்று அந்தப் பெண்ணிடம் பொய் சொல்லியிருக்க வேண்டுமா? அரசு ஊழியர் நடத்தை விதி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கட்சிக்கு வேலை செய்யக்கூடாது என்கிற விதி அது, நான் செய்யவில்லை. அரசியல் சாசனத்தின் 51ஏ பிரிவில் 1976ல் சேர்த்த கடமைகளையும் அவர் படிக்கட்டும். அறிவியல் மனப்பான்மையும் கேள்வி கேட்கும் குணமும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று இருக்கிறது. பாடத்திட்டத்தில் இல்லை என்கிறார் இன்னொருவர். நிறையும் சதவீதமும் ஆவியாதலும் இல்லாத பாடத்திட்டம் எது?

"அந்தப் பையன் வீட்டுக் கஷ்டத்தை வகுப்பில் ஏன் போட்டு உடைக்கணும்?" என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். இது ஒன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அவன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, அது என் தப்பு.

ஆனால் மற்றவர்களை ஒன்று கேட்கிறேன். 2023ல் ஒரத்தநாடு பக்கம் வடசேரி மத்திய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது இதே பெரியவர்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்து, பழுப்பு நிலக்கரி என்றால் என்ன, தோண்டினால் நிலத்தடி நீர் என்னாகும் என்று என்னிடம்தான் கேட்டார்கள். கரும்பலகையில் மண் அடுக்குகளை வரைந்து காட்டினேன். அன்றைக்கு அது அறிவு. அந்த வருடமே மத்திய அரசின் என்சிஇஆர்டி போடும் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பாடத்தை எடுத்தார்கள், தனிம வரிசை அட்டவணையை எடுத்தார்கள். பாடத்தை எடுக்கிறவர்கள் செய்வது அரசியல் இல்லை, பாடத்தை நடத்துகிற நான் செய்வதுதான் அரசியலா?

என் அப்பா தார்ச்சாலையில் நெல்லைக் காயப்போட்டு, ராத்திரி லாரி வெளிச்சத்தில் சாக்கு மேல் படுத்துக் காவல் காத்தவர். ஒரு வருடம் ஈரம் என்று இரண்டு முறை திருப்பினார்கள். மூன்றாவது முறை கொண்டுபோகவில்லை. சொன்ன விலைக்கு வியாபாரியிடம் போட்டுவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார், யாரிடமும் பேசவில்லை. அந்த எண் எப்படி வருகிறது என்று அவருக்குக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. நான் அறிவியல் படித்தவள், எனக்கும் அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை.

குழுவில் முதலில் கைதட்டியவன் என்னிடம் படித்தவன். முன் பெஞ்சு. அவன் பெயரைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். எதிர்க்கருத்து சொல்ல அவனுக்கு உரிமை இருக்கிறது. நேரில் வந்து, "ஏன் டீச்சர் இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டிருக்கலாம். கேட்கத்தானே இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மணி அடித்ததும் அந்தப் பையன் நோட்டோடு வந்து நின்றான். "டீச்சர், அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடவா? அப்பா கிழிக்கச் சொன்னாங்க."

நோட்டை வாங்கி, அவன் வகுத்தலில் விட்டிருந்த ஒரு தசமப் புள்ளியைச் சரிசெய்தேன். கீழே தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். அப்பாவை நான் வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். நாளைக்குப் போகிறேன்.