ஸ்கோர் எழுதுகிற வேலை வேண்டாம்

ஆட்டம் தொடங்கும் நேரத்தில், சக்கர நாற்காலியில் இருக்கிற பிள்ளையின் கையில் நோட்டையும் பென்சிலையும் கொடுத்து, "நீ ஸ்கோர் எழுது கண்ணா" என்கிறோம். அன்பாகத்தான் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆட்டம் முடிந்தபின் அந்த நோட்டை யாருமே வாங்கிப் பார்ப்பதில்லை என்பதை ஒரு நாள் கவனித்தேன். நெஞ்சு சுருக்கென்றது. அந்தப் பையனுக்கு அது முதல் நாளே தெரிந்திருக்கும்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளோடு சில ஆண்டுகளாகக் கதை சொல்லி, விளையாடி வருகிறேன். அந்தப் பிள்ளை செய்கிற ஏதோ ஒன்றால் ஆட்டமோ கதையோ திசை மாற வேண்டும். மாறாத இடத்தில் அந்தப் பிள்ளை வேடிக்கைதான் பார்க்கிறது.

போச்சியா என்றொரு விளையாட்டு 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. சிவப்புப் பந்து ஆறு, நீலப் பந்து ஆறு, வெள்ளைப் பந்து ஒன்று. வெள்ளைப் பந்துக்கு அருகில் தன் பந்தைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கையால் எறிய முடியாதவர்கள் சரிவுப் பலகையில் பந்தை உருட்டலாம். பலகையை நகர்த்த ஓர் உதவியாளர் உண்டு. ஆனால் அந்த உதவியாளர் ஆட்டக்களத்துக்கு முதுகைக் காட்டியபடிதான் இருக்க வேண்டும் என்பது விதி. கை அவருடையது, கணக்கு முழுவதும் ஆட்டக்காரருடையது. வீட்டில் ஒரு அட்டைக் குழாயும் பந்தும் வைத்து விளையாடும்போதும் இந்த விதியை விடாதீர்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு வருத்தமும் உண்டு. இந்தப் பிள்ளைகளின் விளையாட்டு நேரத்தையெல்லாம் பிசியோதெரபி விழுங்கிவிடுகிறது. பொம்மையைக் கொடுத்த அடுத்த நிமிடமே, "எட்டி எடு, இன்னும் பத்து தடவை" என்று ஆரம்பித்துவிடுகிறோம். பயிற்சி வேண்டியதுதான், யார் மறுப்பார்கள்? ஆனால் விளையாட்டு தனி உரிமை. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை 31ஆம் பிரிவில் அதைச் சொல்கிறது. 2006இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, மற்ற பிள்ளைகளுக்குச் சமமாக இவர்களும் விளையாட வேண்டும் என்று 30ஆம் பிரிவில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது.

கதை சொல்லுமுன் பிள்ளையின் பாதங்களைப் பாருங்கள். அவை அந்தரத்தில் தொங்கினால் உடம்பை நிமிர்த்தி வைப்பதிலேயே கவனமெல்லாம் போய்விடும்; கீழே ஒரு பலகை வையுங்கள். படத்தை நேர் எதிரே, கண் மட்டத்தில் காட்டுங்கள். பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால் உடம்பின் அசைவு சொன்னபடி கேட்காத நிலை) உள்ள சில பிள்ளைகளுக்குத் தலை ஒரு பக்கம் திரும்பினாலே அந்தப் பக்கக் கை தானாக நீண்டு, மறு கை மடங்கிக்கொள்ளும். திடீரென்று புலியாக உறுமாதீர்கள். உடம்பு முழுவதும் தூக்கிப்போடும். தசைச் சிதைவு நோய் உள்ள பிள்ளைகள் சீக்கிரம் களைத்துவிடுவார்கள், ஆகவே நல்ல பகுதியைக் கடைசிக்கு வைக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விடக் கடினம், காத்திருப்பது. பெருமூளை வாதம் உள்ள ஒரு சிறுமி, பேச்சு வராது. பெரிய பொத்தான் ஒன்றை அழுத்தினால் பதிவு செய்த குரல் ஒலிக்கும். அவள் வயதுப் பிள்ளை ஒருத்தியின் குரலில், "வேண்டாம், போகாதே!" என்று பதிந்து வைத்திருந்தோம். கதையில் ஆட்டுக்குட்டி குகை வாசலுக்கு வந்தது. நிறுத்தினேன். அவள் கை எழுந்தது, விலகியது, மேசையில் இடித்தது, மறுபடி எழுந்தது. பக்கத்தில் இருந்தவர் உதவுவதாக நினைத்து அவள் கையைப் பிடிக்கப் போனார், தடுத்தேன். மனதுக்குள் 17 வரை எண்ணியிருப்பேன்.

"வேண்டாம், போகாதே!"

ஆட்டுக்குட்டி வீட்டுக்குத் திரும்பிவிட்டது. நான் யோசித்து வைத்திருந்த பாதிக் கதை அதோடு முடிந்தது. அவள் சிரித்த சிரிப்பில் நாற்காலியே குலுங்கியது. மற்ற பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "அடுத்த தடவை விட்டுவிடேன், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம்" என்று கெஞ்சினார்கள். அவள் மசியவில்லை. மூன்று வாரம் ஆட்டுக்குட்டியைத் திருப்பி அனுப்பினாள்.

நான்காவது வாரம் நான் 30 வரை எண்ணினேன். பொத்தான் மீது கை இருந்தது, அவள் அழுத்தவில்லை. எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, கையை மெதுவாக மடிக்கு இழுத்துக்கொண்டாள். ஆட்டுக்குட்டி உள்ளே போயிற்று.