துளையைப் பெரிதாக்குவது தீர்வல்ல
‘சக்கிமுக்கி ரைஃபிள் சரியாகப் பற்றவில்லையா? டச் ஹோல் லைனரின் துளையை 3 மி.மீ. ஆக்குங்கள்’ என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து செய்யாதீர்கள். சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கும் பழைய பாணித் துப்பாக்கி இது. வெளியே பற்றும் தீ குழலுக்குள் போகும் பக்கவாட்டுத் துளைதான் டச் ஹோல்; அதில் பொருத்தும் துளையுள்ள சிறு உலோகத் துண்டு லைனர். வழக்கமாக 1/16 அங்குலம், அதாவது சுமார் 1.6 மி.மீ.யில் தொடங்குவார்கள், போதவில்லை என்றால் கொஞ்சம் கொஞ்சமாக 1.8 வரை. 3 மி.மீ. என்றால் துளையின் பரப்பு மூன்று மடங்குக்கும் மேல். அழுத்தம் பக்கவாட்டில் பீறிடும். அந்தப் பக்கம் நிற்பவர் பாவம்.

பற்றும் வேகத்தைக் கூட்டுவது உள்பக்கக் குடைவுதான். லைனரின் உட்புறம் கூம்பாக இருந்தால் குழலுக்குள் உள்ள வெடிமருந்து, வெளியே பொறி விழுந்து பற்றும் சிறு கிண்ணத்தின் தீக்கு மிக அருகில் வந்துவிடும். நீளமான நேர்த்துளையில் மருந்து அடைத்துக்கொண்டால் திரி மாதிரி மெதுவாகத்தான் எரியும். அப்புறம், லைனரின் உள்முனை குழலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, துடைக்கும் துணி மாட்டும். முதலில் துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், டிரில்லை அப்புறம் எடுக்கலாம்.