102 டிகிரி

மாடிவீட்டுக்காரர்: அம்மா, நீங்கள் கால்நடை மருந்தகத்தில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் கேட்கிறேன். எங்கள் ஸ்னோவுக்கு 102 டிகிரி காய்ச்சல் இருக்கிறது. பாராசிட்டமால் அரை மாத்திரை போதுமா, முழுதாகவே கொடுத்துவிடலாமா?

கீழ்வீட்டு அம்மாள்: முதலில் அதைச் சட்டைப்பைக்குள் போடுங்கள், தம்பி. அது நாயின் கல்லீரலைக் கெடுக்கும். பூனையாக இருந்தால் ஒரே மாத்திரையில் உயிரே போய்விடலாம். நாய்க்கு 101 முதல் 102.5 வரை இருப்பது காய்ச்சல் அல்ல, இயல்பு.

மாடிவீட்டுக்காரர்: எனக்கு 102 வந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு படுத்துவிடுவேனே!

கீழ்வீட்டு அம்மாள்: நீங்கள் 98.6-க்காரர். ஆட்டுக்கு 103 இருக்கும், அது சுவரேறிக் குதித்து அடுத்தவர் முருங்கையைக் கடிக்கும். கோழிக்கு 106 இருக்கும், அது முட்டையிட்டுவிட்டு ஊரைக் கூட்டும். உங்கள் கணக்குப்படி பார்த்தால் நாட்டிலுள்ள கோழிகள் அத்தனையும் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்க வேண்டியவை.

மாடிவீட்டுக்காரர்: காய்ச்சல் இல்லையென்றால், மத்தியானம் முழுவதும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஏன் அப்படி இரைக்கிறது? ஆஸ்துமாவாக இருக்குமோ? நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய ஹஸ்கி, அம்மா.

கீழ்வீட்டு அம்மாள்: அந்தத் தொகை அதற்குத் தெரியாது. உங்களைப் போல உடம்பெல்லாம் வியர்த்துச் சூட்டைத் தணித்துக்கொள்ள நாயால் முடியாது; அதற்கு வியர்ப்பதெல்லாம் பாதத்தின் அடியில் மட்டும்தான். ஆகவே சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு முப்பது தடவைக்குள் மூச்சுவிடும் பிராணி, வெயிலில் முந்நூறு தடவை வரைகூட இரைத்து, நாக்கிலும் மூக்குக்குள்ளும் இருக்கும் ஈரத்தை ஆவியாக்கி, ஆவியாகிற ஒவ்வொரு கிராம் தண்ணீரோடும் ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை வெளியே அனுப்புகிறது.

மாடிவீட்டுக்காரர்: அப்படியானால் இரைக்க விட்டுவிட்டால் தானாகவே குளிர்ந்துவிடும். நான்தான் வீணாகக் கவலைப்பட்டிருக்கிறேன்.

கீழ்வீட்டு அம்மாள்: காற்று காய்ந்திருந்தால் குளிரும். சென்னையின் மே மாதப் புழுக்கத்தில் துணியே உலர மறுக்கிறது, நாக்கு மட்டும் உலர்ந்துவிடுமா? அதோடு, இரைப்பதும் உழைப்புதான்; அதிலும் உடம்பு சூடேறும். சைபீரியாவில் சுக்சி மக்கள் பனியில் சறுக்குவண்டி இழுக்க வளர்த்த இனத்தைக் கொண்டுவந்து கத்திரி வெயிலில் கட்டிப்போட்டுவிட்டு, ஏன் இரைக்கிறது என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

மாடிவீட்டுக்காரர்: அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை மொட்டையடிக்க ஆளை வரச் சொல்லியிருக்கிறேன்.

கீழ்வீட்டு அம்மாள்: அவரை வர வேண்டாம் என்று சொல்லுங்கள். மொட்டையடித்தால் வெயில் நேராகத் தோலைச் சுடும். கழன்று நிற்கும் அடிமயிரைச் சீவி எடுத்தால் போதும். இருக்கட்டும், நாயை எங்கே கட்டியிருக்கிறீர்கள்?

மாடிவீட்டுக்காரர்: மொட்டைமாடியில்தான். வீட்டுக்குள் விட்டால் சோபா முழுவதும் மயிர். ஆனால் காற்றோட்டமான இடம், அம்மா. படுக்கையறை ஏசியின் வெளிப்பெட்டிக்கு நேர் எதிரே கட்டியிருக்கிறேன். அதிலுள்ள விசிறி இடைவிடாமல் வீசிக்கொண்டே இருக்கும்.

கீழ்வீட்டு அம்மாள்: அந்தக் காற்றில் ஒரு தடவையாவது கையைக் காட்டிப் பார்த்ததுண்டா?

மாடிவீட்டுக்காரர்: கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும்.

கீழ்வீட்டு அம்மாள்: உங்கள் அறையிலிருந்து வழித்தெடுத்த சூடு, கம்ப்ரசர் தன் பங்குக்குச் சேர்த்த சூடு, இரண்டும் சேர்ந்து நாயின் முகத்தில் அடிக்கிறது. நீங்கள் 24-இல் வைத்துப் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குவதற்கான கட்டணத்தில் ஒரு பாதியை மின்வாரியத்துக்குக் கட்டுகிறீர்கள், மறுபாதியை நாயைக் கட்ட வைக்கிறீர்கள்.

மாடிவீட்டுக்காரர்: நாற்பதாயிரம் ரூபாய் நாயை நான் வேண்டுமென்றே வதைப்பேனா? பாருங்கள், அது இரைக்கும் சத்தம் அடுத்த வீட்டாருக்குத் தொந்தரவாக இருக்கிறதென்று இறுக்கமான வாய்ப்பூட்டு ஒன்றுகூட வாங்கியிருக்கிறேன்.

கீழ்வீட்டு அம்மாள்: அதைப் பூட்டினால் அடுத்த வீட்டாருக்கு அமைதி கிடைக்கும், நாய்க்கும் நிரந்தர அமைதி கிடைக்கும்.

மாடிவீட்டுக்காரர்: அப்படி ஏதாவது ஆகிவிட்டால் அப்போதாவது அந்த மாத்திரையை…

கீழ்வீட்டு அம்மாள்: மறுபடியும் மாத்திரையா! காய்ச்சல் என்பது மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ், கிருமியை எதிர்ப்பதற்காக, உடம்பின் சூடு இவ்வளவு இருக்கட்டும் என்று அளவைத் தானே உயர்த்தி வைத்துக்கொள்வது. மாத்திரை அந்த அளவைத்தான் இறக்குகிறது. வெயிலில் அந்த அளவு மாறுவதே இல்லை. உடம்பு வெளியேற்றுவதைவிட உள்ளே வந்து சேருகிற சூடு அதிகமாகி, 106-ஐத் தாண்டினால் குடலும் சிறுநீரகமும் மூளையும் பழுதாகத் தொடங்கும். அப்போது வேண்டியவை தண்ணீரும் விசிறியும், தாமதிக்காமல் டாக்டரும். மாத்திரைக்கு அங்கே வேலையே இல்லை.

மாடிவீட்டுக்காரர்: தெருநாய்களும் இதே வெயிலில்தானே இருக்கின்றன? அவற்றுக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லையே.

கீழ்வீட்டு அம்மாள்: அந்தக் காருக்கு அடியில் குனிந்து பாருங்கள். மேலே இருக்கும் காய்ந்த மண்ணைப் பறித்துத் தள்ளிவிட்டு, அடியிலுள்ள ஈரமண்ணில், மயிர் குறைந்த அடிவயிறு படும்படி காலைப் பரப்பிப் படுத்திருக்கிறது. நிழல் நகர்ந்தால் அதுவும் எழுந்து நகர்ந்துகொள்ளும். எருமை குட்டையைத் தேடிப் போவதும் இதற்காகத்தான். உங்கள் நாற்பதாயிரத்துக்கும் இந்த வித்தை எல்லாம் தெரியும். நீங்கள் போட்ட சங்கிலி ஒன்றரை மீட்டர்தான் நீளம்.

மாடிவீட்டுக்காரர்: சரி, இப்போதே அவிழ்த்துக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். ஆனாலும், தெர்மாமீட்டர்தான் தவறாகக் காட்டுகிறதோ என்று எனக்கும் பார்த்துக்கொண்டேன், சரியாக 98.6 காட்டியது.

கீழ்வீட்டு அம்மாள்: நாய்க்கு எங்கே வைத்துப் பார்த்தீர்கள்?

மாடிவீட்டுக்காரர்: முறைப்படிதான் பார்த்தேன், அம்மா. வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

கீழ்வீட்டு அம்மாள்: உங்களுக்கு?

மாடிவீட்டுக்காரர்: நாக்குக்கு அடியில்.

கீழ்வீட்டு அம்மாள்: முதலில் யாருக்குப் பார்த்தீர்கள், தம்பி?

மாடிவீட்டுக்காரர்: ஸ்னோவுக்கு. நடுவில் சட்டையில் துடைத்தேன், அம்மா.