அந்த சியாட்டில் கேள்வியை நியாயப்படுத்துபவர்களுக்கு

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை. அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், நான் வேறு மறுபடி இங்கே போட வேண்டாம். 2025 ஆகஸ்ட், சியாட்டிலில் வேர்ல்ட்கான் என்ற அறிவியல் புனைகதை மாநாடு, மேடையில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதையை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், மைக் முன்னால் ஒரு ரசிகர். நீங்கள் இன்னும் ரொம்ப நாள் இருக்கப்போவதில்லை, அதனால் பிராண்டன் சாண்டர்சன் என்ற எழுத்தாளர் மாதிரி யாராவது உங்கள் தொடரில் மிச்சமிருக்கும் நூல்களை எழுதி முடித்தால் உங்களுக்குச் சம்மதமா என்று கேட்கிறார். 76 வயது மனிதரிடம், அவர் முகத்துக்கு நேரே. அரங்கத்தில் இருந்தவர்களே கூச்சல் போட்டார்கள். அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். எந்தக் கூட்டத்திலும் இப்படி ஒருத்தர் எழுந்திருக்கத்தான் செய்வார். எனக்கு எரிச்சல் வந்தது அதற்கு அப்புறம் நம் ஆட்கள் எழுதியதைப் படித்துத்தான். "கேட்ட விதம் தப்பு, ஆனால் கேள்வி நியாயம்." இதையே ஆளாளுக்குக் கொஞ்சம் மாற்றி எழுதியிருக்கிறீர்கள். அதற்கு விழுந்த லைக்குகளில் என் நண்பர்கள் பெயரும் இருக்கிறது. பார்த்தேன்.

என்ன நியாயம்? ஐந்து புத்தகம் விற்றார், ஐந்து புத்தகம் வாங்கினீர்கள், ஐந்தும் உங்கள் அலமாரியில் இருக்கின்றன. கணக்கு முடிந்தது. ஆறாவதற்கு யாராவது அவருக்கு முன்பணம் கொடுத்திருந்தால் அது பதிப்பகம். பதிப்பகம் கேட்கட்டும். நீங்கள் எந்தக் கணக்கில் வசூலுக்குக் கிளம்பினீர்கள்?

"பாதிக் கதையை விற்றது மோசடிதானே" என்று ஒருத்தர். ஐயா, 1996-இல் முதல் நூல் வந்தபோதே அது ஒரு தொடரின் ஆரம்பம் என்று தெரிந்துதான் உலகம் வாங்கியது. மூன்று பாகம் என்று திட்டம் போட்டவர் அவர். அது நான்காகி, ஆறாகி, கடைசியில் ஏழில் வந்து நின்றது. ஏன் வளர்ந்தது என்று ஒரு நிமிடமாவது யோசித்தீர்களா? முதல் நூலில் முன்கதை அத்தியாயத்தை விட்டுவிட்டால் எட்டுப் பேரின் கண் வழியாகக் கதை நகர்கிறது. ஐந்தாவது நூலுக்கு வரும்போது அது இரண்டு மடங்கு. மூன்றாவது நூலுக்குப் பிறகு கதையில் ஐந்து வருடம் தாண்டிவிடலாம், பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள் என்று நினைத்து எழுதிப் பார்த்தார். சில பாத்திரங்களுக்கு அது சரியாக வந்தது, சிலருக்கு வரவே இல்லை. எழுதியதை எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தார். அப்புறம் மீரீன் சிக்கல். டிராகன் ராணி டெனேரிஸ் இருக்கும் அந்த ஊருக்கு யார் முதலில் வந்து சேர்வது, யார் பிறகு, யாருடைய கண்ணால் அதைச் சொல்வது என்று வருடக்கணக்கில் முட்டி மோதி, அவளுடைய மெய்க்காவலரான கிழவர் பாரிஸ்டனைப் பேசவிட்ட பிறகுதான் அது அவிழ்ந்தது. எழுத்தாளர்களில் கட்டடக்காரர்கள் உண்டு, தோட்டக்காரர்கள் உண்டு, நான் இரண்டாவது வகை என்று அவரே எத்தனையோ பேட்டியில் சொல்லியிருக்கிறார். விதை போட்டுவிட்டு என்ன முளைக்கிறது என்று பார்க்கிறவரிடம் போய் வரைபடத்தைக் காட்டு என்றால் எப்படி?

"சரி, அவரே தேதி சொல்லி ஏமாற்றினாரே." சொன்னார், யார் இல்லை என்றது. 2005-இல் நான்காவது நூலின் கடைசியில் அடுத்தது அடுத்த வருடம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் எழுதினார், வந்தது 2011 ஜூலை. 2016 ஜனவரியில், கெடு தவறிவிட்டது, புத்தகம் முடியவில்லை என்று வெளிப்படையாகப் பதிவு போட்டார். 2020 நியூசிலாந்து வேர்ல்ட்கானுக்குப் புத்தகம் இல்லாமல் வந்தால் என்னை அங்குள்ள எரிமலையான வெள்ளைத் தீவில் அந்த அமில ஏரிக்குப் பக்கத்தில் அடைத்து வையுங்கள் என்று கிண்டலாக எழுதியதைக்கூட இன்னும் பத்திரம் மாதிரி பத்திரப்படுத்தி வைத்திருக்கிறீர்கள். மனிதர் நம்பிக்கையில் சொன்னார், நடக்கவில்லை. நீங்கள் சொன்ன தேதியில் எல்லாம் செய்து முடித்தவர்களா? இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

நான் பேச விரும்புவது இன்னொன்றைப் பற்றி. "அவர் எழுதுவதைத் தவிர மற்ற எல்லா வேலையும் பார்க்கிறார், டிவி தொடர், ஒயில்ட் கார்ட்ஸ் தொகுப்பு, சாண்டா ஃபேயில் சினிமா தியேட்டர்." இதைச் சொல்கிறவர்களுக்கு அந்த மனிதரின் வாழ்க்கை 2011-இல் எச்பிஓ சேனலின் டிவி தொடரோடு ஆரம்பித்தது என்ற நினைப்பு. முதல் கதை அச்சில் வந்தது 1971. எழுபதுகளிலேயே அறிவியல் புனைகதையில் ஹியூகோ விருது வாங்கிவிட்டார். வயிற்றுப்பாட்டுக்கு செஸ் போட்டிகள் நடத்தியிருக்கிறார், கல்லூரியில் இதழியல் சொல்லிக்கொடுத்திருக்கிறார். 1983-இல் 'தி ஆர்மகெடான் ராக்' என்ற நாவல் வந்து அப்படியே படுத்தது. எப்படிப் படுத்தது என்றால், அடுத்து அவர் எழுதிக்கொண்டிருந்த நாவலை வாங்க ஆள் இல்லை. பழைய நியூயார்க் பத்திரிகை உலகத்தைப் பற்றிய நாவல் அது, பாதியில் நின்றே போனது. அந்தப் பாதி நாவலுக்காக எந்த ரசிகர் எந்த மேடைக்கு முன்னால் எழுந்து நின்றார்? "ஐயோ பாதியில் விட்டுவிட்டீர்களே" என்று யார் அழுதார்கள்? ஒருத்தரும் இல்லை. நாவலாசிரியராக அவர் கதை முடிந்தது என்று கைவிட்டபோது உலகம் கொட்டாவி விட்டது. அவர் தொலைக்காட்சிக்குப் போனார், 'தி ட்விலைட் ஸோன்', 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' என்று வருடக்கணக்கில் எழுதினார். எழுதிக் கொடுத்தால், இவ்வளவு பெரிய சண்டைக்கெல்லாம் பட்ஜெட் இல்லை, வெட்டு என்பார்கள். அந்தக் கடுப்பில்தான், யாராலும் படமெடுக்க முடியாத அளவுக்குப் பெரிதாக ஒன்று எழுதுவேன் என்று உட்கார்ந்தார்.

இன்னொன்று கேளுங்கள். 1991 கோடையில் அவர் எழுதிக்கொண்டிருந்தது 'அவலான்' என்ற அறிவியல் புனைகதை நாவல். அதன் நடுவில், பனியில் செத்துக் கிடக்கும் ஒரு தாய் ஓநாய், அதன் குட்டிகள், அதைப் பார்க்கும் சிறுவன் என்று ஒரு காட்சி எங்கிருந்தோ வந்தது. கையில் இருந்ததைப் போட்டுவிட்டு அதன் பின்னால் போனார். 'அவலான்' இன்றுவரை முடியவில்லை. ஆரம்பித்ததை முடிக்க வேண்டும் என்ற உங்கள் நியாயப்படி அவர் நல்ல பிள்ளையாக அதை முடித்திருந்தால் இந்தக் கதை நடக்கும் வெஸ்டரோஸ் என்று ஒன்றே கிடையாது. பாதியில் விடும் அதே குணம்தான் உங்களுக்கு இந்தக் கதையைக் கொடுத்தது. உங்களுக்கு வேண்டியபோது அந்தக் குணம் மேதைமை, வேண்டாதபோது சோம்பேறித்தனமா?

அடுத்து சாண்டர்சன். "ஜோர்டனுக்கு முடித்துக் கொடுத்தாரே." ஆமாம், கொடுத்தார், நன்றாகவே கொடுத்தார். அது எப்படி நடந்தது? 'தி வீல் ஆஃப் டைம்' தொடரை எழுதிய ராபர்ட் ஜோர்டன் இதயத்தைத் தாக்கும் அமிலாய்டோசிஸ் நோயோடு போராடி 2007 செப்டம்பரில் இறந்தார். நோய் முற்றும்போது, கதை முடிய வேண்டும் என்று அவரே விரும்பி, வீட்டாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மிச்சக் கதையைச் சொன்னார், குறிப்புகளை விட்டுப் போனார். அவர் மனைவி ஹாரியட் மெக்டூகல்தான் அவருடைய எடிட்டரும். சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்தது அவர். ஒரு நூலில் முடியும் என்று நினைத்தது மூன்றாகி 2013 ஜனவரியில் முடிந்தது. அது ஒரு குடும்பம் எடுத்த முடிவு. மைக்கைப் பிடித்த ஒருவர் எடுத்ததில்லை. (கொசுறாக ஒன்று: மார்ட்டினின் முதல் நூலுக்கு ஜோர்டன் கொடுத்த பாராட்டு வரி அட்டையில் வந்து அதற்கு வாசகர்களைச் சேர்த்தது. மார்ட்டின் தன் கதையில் 'டோர்' என்ற கோட்டைக்கு ட்ரெபோர் ஜோர்டேன் என்று ஒரு பிரபுவை வைத்தார். ராபர்ட்டின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் ட்ரெபோர், டோர் என்பது ஜோர்டனின் பதிப்பகம். எழுத்தாளர்கள் ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொள்வது இப்படி. நாம் செய்வது எப்படி என்று சியாட்டிலில் பார்த்தோம்.)

நமக்கும் இது புதிதில்லை. கல்கி 1954 டிசம்பரில் போனபோது 'அமரதாரா' பாதியில் இருந்தது, மகள் ஆனந்தி முடித்தார். கல்கியிடம் போய், உங்களுக்கு அப்புறம் யார் எழுதுவார் என்று யாரும் கேட்டதாக நான் படித்ததில்லை. இத்தனைக்கும் பொன்னியின் செல்வனை முழுசாக முடித்தவரிடமே, சட்டென்று முடித்துவிட்டீர்களே என்று வாசகர்கள் குறைப்பட, அவர் தனியாக ஒரு முடிவுரை எழுதிச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. முடித்தாலும் குறை சொல்வோம், முடிக்காவிட்டாலும் குறை சொல்வோம்.

அது போகட்டும், வேறு யாராவது முடித்தால் என்ன ஆகும் என்பதை ஏற்கெனவே ஒரு தடவை பார்த்தாயிற்றே? 2019 மே. டிவியில் முடித்தார்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்? கடைசி சீசனை மறுபடி எடு என்று பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்துப் போட்டார்கள் உலகம் முழுக்க. இதே ஆட்கள், "மார்ட்டின் எழுதியிருந்தால் இப்படி ஆகியிருக்காது" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். இப்போது அவர் எழுத வேண்டாம், யாராவது எழுதினால் போதும் என்கிறார்கள். என்னதான் வேண்டும் உங்களுக்கு?

சரி, எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். என் சித்தப்பாவால்தான். அவர் படுத்த படுக்கையாக இருந்தபோது பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஹார்லிக்ஸ் பாட்டிலோ பழமோ வைத்துவிட்டு, அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, இனிமேல் கணக்கு வழக்கை யார் பார்ப்பது, வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது, சீக்கிரம் கையெழுத்து வாங்கிவிடுங்கள் என்று பேசுவார்கள். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். எல்லாரும் பாசக்காரர்கள்தான், கெட்ட எண்ணம் யாருக்கும் கிடையாது. "நியாயமான கேள்விதானே" என்று சித்தியிடமே ஒருத்தர் சொன்னார். சித்தப்பா ஒரு வார்த்தை பேச மாட்டார். ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார், அவ்வளவுதான். அவர்கள் இன்னும் சத்தமாகப் பேசுவார்கள். அந்த வீடியோவில் அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு அந்த டிவி சத்தம்தான் ஞாபகம் வந்தது. உங்களுக்கு இது மிகையாகத் தெரியலாம். தெரிந்தால் தெரியட்டும்.

"நீங்கள் உணர்ச்சிவசப்படுகிறீர்கள், நாங்கள் வாசகர் உரிமையைப் பேசுகிறோம்." உரிமையா! வாசகர் என்று சொல்லிக்கொள்கிறவர்களில் எத்தனை பேர் நான்காவது நூலை முழுசாகப் படித்தீர்கள்? நேர்மையாகச் சொல்லுங்கள். "அது அறுவை, அதில் டிராகன் இல்லை, டிரியன் இல்லை, பிரியென் என்ற வீராங்கனை சும்மா ஊர் ஊராக நடக்கிறாள்" என்று நீங்கள்தான் எழுதினீர்கள். அந்த நடையில்தான் மெரிபால்ட் என்ற வெறுங்கால் சாமியார் வருகிறார். போரில் உடைந்துபோய்த் திருடர்களாகத் திரியும் மனிதர்களைப் பற்றிப் பேசுகிறார். பாட்டும் கதையும் கேட்ட ஆசையில், அண்ணன் தம்பியோடும் நண்பர்களோடும், கூர் தீட்டிய மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் பையன்கள். முதல் சண்டையில் சிலர் உடைகிறார்கள். சிலர் நூறு சண்டை தாங்கி நூற்றியோராவதில் உடைகிறார்கள். பசி வருகிறது, வயிற்றுப்போக்கு வருகிறது, செத்தவன் காலிலிருந்து செருப்பைக் கழற்றுகிறார்கள், ஒருநாள் பார்த்தால் கூட வந்த யாருமே இல்லை. தானும் சின்ன வயதில் அப்படிப் போனவன்தான் என்கிறார் கடைசியில். ஒன்பது காசு ராஜாக்களின் போரா என்று கூட வந்தவன் கேட்க, அப்படித்தான் சொன்னார்கள், நான் எந்த ராஜாவையும் பார்க்கவில்லை, ஒரு காசும் சம்பாதிக்கவில்லை, ஆனால் போர் என்னவோ போர்தான் என்கிறார். சில பக்கங்கள்தான். வியட்நாம் போருக்கு மனசாட்சிப்படி மறுத்து, அதற்கு மாற்றாக சமூக சேவைக்குப் போன ஒருவர் எழுதியது. எந்த சிம்மாசனத்தில் யார் உட்கார்ந்தால் எனக்கென்ன, இந்தச் சில பக்கங்களுக்கே நான் கொடுத்த காசு தீர்ந்துவிட்டது. அதைத்தான் நீங்கள் டிராகன் தேடிப் பக்கம் புரட்டிவிட்டுப் போனீர்கள், போய்விட்டு இப்போது அவருக்கு எத்தனை நாள் பாக்கி என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆறாவது நூலான 'த விண்ட்ஸ் ஆஃப் விண்டர்' வந்தால் முதல் நாளே வாங்குவேன். வராவிட்டால் நான்காவதை மறுபடி எடுப்பேன். கமெண்டில் வந்து அவர் வயதைக் கணக்குப் போடுகிறவர்களை, லைக் போட்ட நண்பர்கள் உட்பட, பிளாக் செய்வேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நூலில் மட்டும் வரும் லேடி ஸ்டோன்ஹார்ட் என்ற பாத்திரத்தின் விஷயத்தில் சண்டை போட நினைப்பவர்கள் தாராளமாக வரலாம். டிவிக்காரர்கள் அவளைத் தூக்கியது சரிதான் என்று போன தடவை ஒருத்தர் சொல்லிவிட்டு ஓடிவிட்டார், அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை.