புதிரை அவிழ்த்தால் பங்கேற்றதாகிவிடுமா?

இணையதளம், மின்னஞ்சல், தொலைபேசி வழியே நிஜ உலகிலேயே ஒரு கதையை நடத்தி, விளையாடுபவர்களைப் புதிர்களை அவிழ்க்க வைக்கும் மாற்று யதார்த்த விளையாட்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே, கதையை முன்கூட்டியே முழுவதும் எழுதி வைப்பதா, விளையாடுபவர்களின் போக்குக்கு விட்டுவிடுவதா என்ற வாதம் தொடங்கிவிடுகிறது. முடிவு யார் கையில் இருக்கிறது என்பதை வைத்தே எல்லோரும் இதை அளக்கிறார்கள். எனக்கு அந்த அளவுகோலில் உடன்பாடில்லை.

ஸ்பீல்பெர்க்கின் ‘ஏ.ஐ.’ திரைப்படத்தை ஒட்டி 2001-இல் மைக்ரோசாஃப்ட் குழு ஒன்று நடத்திய ‘தி பீஸ்ட்’ விளையாட்டில், மூன்று மாதங்களுக்கென்று தயாரித்த புதிர்களை, ‘கிளவுட்மேக்கர்ஸ்’ என்ற பெயரில் இணையத்தில் திரண்ட கூட்டம் முதல் நாளிலேயே அவிழ்த்துவிட்டதாக அதை வடிவமைத்தவர்களே பின்னர் சொல்லியிருக்கிறார்கள். கையிருப்பு தீர்ந்துபோனதால், விளையாடுபவர்கள் பேசிக்கொள்வதைக் கவனித்தபடியே அடுத்தடுத்த பகுதிகளை எழுத வேண்டியதாயிற்று. அந்த நெருக்கடிதான் அதற்கு உயிர் கொடுத்தது என்பேன். அதே ஆண்டு வெளிவந்த ‘மெஜஸ்டிக்’ என்ற இன்னொரு விளையாட்டு, அன்றைய பங்கை முடித்தவர்களை அடுத்த பகுதி வரும்வரை காக்க வைத்தது, 2002-இல் நிறுத்தப்பட்டது. (அதற்கு வேறு காரணங்களும் உண்டு.)

ஆசிரியர் பூட்டிய கதவை அவர் ஒளித்து வைத்த சாவியாலேயே திறப்பது திறமைதான். ஆனால் பங்கேற்பு என்று நான் சொல்வது, குறிப்பிட்ட ஒருவர் அன்று வாய் திறந்திராவிட்டால் கதையில் ஒரு வரி எழுதப்பட்டே இராது என்ற நிலையை. 2004-இல் ‘ஹேலோ 2’ வீடியோ விளையாட்டின் விளம்பரத்துக்காக நடந்த ‘ஐ லவ் பீஸ்’, இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். குறியீடுகளையும் நேரத்தையும் மட்டும் கொடுத்தது. அங்கே போய் நின்றால் பொதுத் தொலைபேசி ஒலித்தது. பெரும்பாலும் பதிவு செய்த குரல்தான். சில அழைப்புகளில் மட்டும் கதாபாத்திரத்துக்குக் குரல் கொடுத்த நடிகையே நேரடியாகப் பேசினார். எதிர்முனையில் இருந்தவரின் பதிலுக்கேற்பத் தானும் பேச வேண்டியிருந்தது. கதையின் முதுகெலும்பு அசையவில்லை, ஆனால் உரையாடல் இருவருடையதாகிவிட்டது.

நண்பர்களோடு சேர்ந்து சிறிய அளவில் ஒன்றை நடத்தியபோது இது எனக்கே நேர்ந்தது. எங்கள் கதாபாத்திரம் ஒருத்திக்கு, “உங்கள் அக்காவைப் பற்றி இரண்டு வாரமாக ஒரு வார்த்தைகூட இல்லையே, ஏதாவது சண்டையா?” என்று ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். சண்டையெல்லாம் இல்லை, நாங்கள் அக்காவை மறந்தே போயிருந்தோம். தயாராக வைத்திருந்த பதில்கள் எதுவும் பொருந்தாமல், அன்றிரவு உட்கார்ந்து அந்தச் சண்டையை எழுதினோம். எழுதி வைத்திருந்த முடிவில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. ஆனால் கடைசிக் காட்சியில் கதவைத் தட்டியது அக்கா.